திருவாசி இல்லாமல்

சிதம்பரத்தில் வளர்ந்தவன் நடராஜரைப் பார்த்ததில்லை என்றால் சிரிப்பார்கள். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் மூலவரே தேரேறி வருகிறார். நெரிசலில் நான் கண்டதெல்லாம் பூ, பட்டு, நகை. நடுவே ஒரு முகம். ஊன்றிய வலது கால் என் அநுபவத்திலேயே இல்லை. எழும்பூர் மியூசியத்தில், திருவாசிகூட இல்லாமல் நிற்கும் திருவாலங்காட்டு நடராஜர் முன்புதான், உடலின் முழு எடையையும் அந்த மடங்கிய முழங்கால் வாங்கிக்கொள்வதைப் பார்த்தேன். பிரெஞ்சு சிற்பி ரோடின் வெறும் போட்டோக்களைப் பார்த்து இதைப் பற்றி எழுதினார். அவர் இறந்தபின் 1921இல் அச்சாயிற்று. கோயிலை மிதிக்காதவருக்குக் கிடைத்தது, கோயிலிலேயே கிடந்த எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் எனக்குக் கை கூப்பத் தோன்றவில்லை. பக்கத்தில் ஒரு கிழவி செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மத்தியானம் ஓட்டலில் வஞ்சிர வறுவல். தலையில்லாத, ஒரே அளவுத் துண்டுகள். ருசிக்குக் குறைவில்லை. கடலூர் முதுநகரில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் யாரும் மீன் வாங்குவதில்லை. சங்கராவோ கிழங்கானோ, எங்களுக்கு முகத்தோடுதான் பழக்கம்.

கவிதையைப் பிற எல்லாவற்றிலிருந்தும் பிரித்துத் தனியே நிறுத்திப் பார்ப்பதே விமர்சனம் என்று பத்து வருஷமாக வாதாடி வருகிறேன். அதை விட்டுவிடுவதாக இல்லை. முழங்காலைக் காட்டியது அந்தப் பார்வைதான். என்றாலும் அந்தக் கிழவி பார்த்தது எதை? சோற்றைப் பிசைந்தபடி இதே யோசனை.

மூடுவதற்குமுன் மறுபடி போனேன். செருப்பைக் கழற்றுவதா என்று வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். நேரமாகிறது, சார் என்றார் காவலர்.