தொண்ணூற்றிரண்டும் தொண்ணூற்றைந்தும்

மலையேறும் காருக்குத் ‘தொண்ணூற்றைந்து’ ஊற்றுதல் வேண்டும் என்பது ஊவாவின் வாடகைக் கார்க்காரர் பலரிடையே நெடுநாளாய் நிலவிவரும் நம்பிக்கை. பாரம் சுமப்பவனுக்குப் பழஞ்சோறு போதாது, கறியுஞ் சோறும் வேண்டும் என்பது போன்றதொரு நியாயம் இதன் பின்னால் இருக்கிறது. ஒக்டேன் 95 பலமான எண்ணெய். 92 சாதாரண எண்ணெய். பதுளையிலிருந்து ஹாலிஎல வழியாகப் பண்டாரவளைக்கு ஏறும் வண்டிக்குப் பலமான எண்ணெயே தகும். கேட்பவர் மனத்தில் எளிதிற் பதியும் இந்த நியாயத்தை 2022ஆம் ஆண்டு வரை எவரும் சோதித்துப் பார்க்க வேண்டிய அவசியம் நேரவில்லை. காசுள்ளவர் 95 ஊற்றினர். இல்லாதவர் 92 ஊற்றிக் குறைபட்டுக்கொண்டனர்.

அவ்வாண்டு நிகழ்ந்தவை எவரும் மறக்கக்கூடியவையல்ல. அந்நியச் செலாவணி வற்றியது. எண்ணெய்க் கப்பல்களுக்குப் பணம் கட்ட வழியில்லாது போயிற்று. மே 24ஆந் திகதி ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றர் 420 ரூபாவாகவும், 95 பெற்றோல் 450 ரூபாவாகவும் உயர்ந்தன. ஜூன் 26இல் அவை முறையே 470, 550 ரூபாவாயின. அடுத்த நாள் நள்ளிரவு முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கன்றிப் பிறருக்கு எரிபொருள் இல்லையென அறிவிக்கப்பட்டது. ஜூலையில் கியூஆர் அட்டை வந்தது. காருக்கு வாரம் 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் எனப் பங்கீடு தொடங்கியது. 2023 செப்டெம்பர் 1ஆந் திகதி அம்முறை கைவிடப்படும் வரை மக்கள் அட்டையும் கையுமாகவே திரிந்தனர்.

இவ்விலைகளில் ஒரு சிறு விடயம் ஈண்டு நோக்கற்பாலது. மே மாதத்தில் இரு தரங்களுக்கும் இடையே இருந்த விலை வேற்றுமை 30 ரூபா. அடுத்த மாதம் அது 80 ரூபா. 2021 மார்ச்சு மாதத்தில் வர்த்தமானியிற் பிரகடனப்படுத்தப்பட்ட தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா. ஒரு லீற்றர் 95 பெற்றோல் அச்சம்பளத்திற் பாதியைக் கடந்துவிட்டது. 20 லீற்றர் நிரப்பும் ஒருவர் 92ஐ விடுத்து 95ஐத் தேர்ந்தால் அதற்காக மட்டும் 1,600 ரூபா மேலதிகமாகச் செலவிட வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தியின் ஒன்றரை நாட்கூலிக்கு மேற்பட்ட தொகை அது. வாடகைக் கார்க்காரர் அத்தொகையைத் தம் பையிலிருந்து கொடுப்பதில்லை. அது வாடகையில் ஏறும். வாடகையைக் கொடுப்பவர் லயத்தில் இருப்பவர்.

பதுளை நகரில் கார் வைத்துப் பிழைக்கும் ஒருவரின் அன்றாடத்தை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். அவருடைய வாடிக்கையாளர் உல்லாசப் பயணிகள் அல்லர். நள்ளிரவில் இடுப்புவலி கண்ட பெண்ணை ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். தெமோதரையில் ஒரு மரணவீடு. மடூல்சீமையிலிருந்து மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போகும் தாயொருத்தியைக் கட்டுநாயக்காவிற் சேர்க்க வேண்டும். தோட்டத்து லொறியும் தோட்டத்து அம்புலன்ஸும் உள்ள இடத்தில் அவை உதவும். இல்லாத இடத்தில் இக்காரே உதவும். பெற்றோல் செட்டுக்கு முன்னால் இரண்டு இரவு வரிசையிற் கிடந்து, 95 எனப் பொறித்த பம்பின்மேல் ‘இல்லை’ என்னும் அட்டையைக் கண்டு, கிடைத்த 92ஐ நிரப்பிக்கொண்டு திரும்பும் அவர் மனத்தில், வண்டிக்குத் துரோகம் செய்துவிட்டது போன்றதோர் உணர்வு இருந்தது. ஏற்றத்தில் வண்டி திணறியபோது அவ்வுணர்வு ஐயமாயிற்று. ஐயந்தீரக் கராஜுக்குப் போனார்.

“அண்ணே, ஏத்தத்துல வண்டி இழுக்க மாட்டேங்குது. தொண்ணூத்திரண்டு அடிச்சதாலயா?”

“தொண்ணூத்தஞ்சு அடிச்சப்ப மட்டும் இழுத்திச்சா தம்பி? மொதல்ல எயார் பில்டர கழட்டிப் பாரு.”

கழற்றிய வடிகட்டியில் தோட்டத்து ரோட்டுத் தூசி அடை போல் அப்பியிருந்ததாம். அது ஒருபுறமிருக்க, மெக்கானிக்கின் முதற் கேள்வியில் அடங்கியுள்ள உண்மையை விரித்துரைப்பது தகும். பட்டம் பெற்றவர் பலருக்கும் அது தெளிவாய்த் தெரிந்ததன்று.

ஒக்டேன் எண் என்பது எரிபொருளின் பலத்தை அளக்கும் எண் அன்று. அதன் பொறுமையை அளக்கும் எண். எஞ்சினின் உருளையுள் பெற்றோலாவியும் காற்றுங் கலந்த கலவையைப் பிஸ்டன் நெருக்குகிறது. நெருக்க நெருக்கச் சூடு ஏறும். தீப்பொறி பற்றவைத்த சுவாலை சீராகப் பரவி முடியுமுன், எஞ்சியுள்ள கலவையின் ஒரு பகுதி சூட்டையும் அமுக்கத்தையும் தாங்காது தானாகவே வெடிக்குமாயின், உலோகத்தை உலோகம் தட்டுவது போன்ற ஓசை எழும். கராஜ்களில் இதனை ‘நொக்கிங்’ என்பர். அது நீடித்தாற் பிஸ்டன் சிதையும். இவ்வாறு முந்திக்கொண்டு வெடியாது பொறுத்திருக்கும் ஆற்றலை அளப்பதற்கு அமெரிக்க இரசாயனவியலாளர் கிரஹாம் எட்கர் 1926இல் ஓர் அளவுகோலை முன்வைத்தார். எளிதில் வெடிக்கும் ஹெப்டேனுக்குப் பூச்சியம். பொறுமை மிக்க ஐசோ ஒக்டேனுக்கு 100. இவ்விரண்டையும் 8க்கு 92 என்னும் விகிதத்திற் கலந்தாற் கிடைக்கும் கலவையைப் போல் நடந்துகொள்ளும் பெற்றோலே ஒக்டேன் 92. 95இல் எரிசக்தி கூடுதலாக இருப்பதில்லை. ஆகவே, 92இலேயே தட்டாது ஓடும் எஞ்சினுக்கு 95 ஊற்றுவதால் வேகமோ இழுவையோ பெருகாது.

எந்த எஞ்சினுக்கு எவ்வளவு பொறுமை தேவை என்பதை அதன் அமுக்க விகிதமும் அமைப்பும் தீர்மானிக்கின்றன. இலங்கையின் வீதிகளில் ஓடும் கார்களிற் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்து வந்தவை. அங்கே உள்நாட்டுப் பாவனைக்காக ஆக்கப்பட்டுப் பின் இங்கு இறக்கப்பட்டவையும் அவற்றுட் பல. ஜப்பானிய நியமத்தின்படி ‘சாதா’ பெற்றோலின் ஒக்டேன் எண் 89க்குக் குறையலாகாது. ‘ஹை ஒக்டேன்’ 96க்குக் குறையலாகாது. விட்ஸ், வேகன் ஆர், அக்சியோ முதலிய சாதாரணக் கார்கள் சாதாப் பெற்றோலுக்கென்றே அமைக்கப்பட்டவை. அமுக்க விகிதம் 13ஐ எட்டும் பிரியஸ் காரும் தன் வால்வுகளை மூடும் கால ஒழுங்கினால் சாதாப் பெற்றோலிலேயே ஓடுகிறது. ஆகவே இங்கே ‘தாழ்ந்தது’ எனக் கருதப்படும் 92, அக்கார்கள் பிறந்த நாட்டில் அவற்றுக்கு விதிக்கப்பட்ட எல்லையைவிட உயர்ந்தது. எரிபொருள் மூடியின் உட்புறத்திலோ கைநூலிலோ அச்சிட்டிருக்கும் சிறு வாசகத்தை வாசித்தவர் எத்தனை பேர்? ஜப்பானிய மொழியில் இருப்பதால் வாசிக்கவில்லை என்பது ஏற்கத்தக்க சமாதானமே.

இனி மலைக்கு வருவோம். ஊவாவின் வழக்கு பிற மாகாணங்களினின்றும் வேறுபடுவது இவ்விடத்திலேதான்.

பதுளை நகர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் உள்ளது. பண்டாரவளை ஏறத்தாழ 1,200 மீற்றர். அப்புத்தளை 1,400 மீற்றரைக் கடந்தது. ஒவ்வோர் ஆயிரம் மீற்றருக்கும் வளிமண்டல அமுக்கம் ஏறக்குறையப் பத்திலொரு பங்கு குறைகிறது. அப்புத்தளைக் கணவாயில் நிற்கும் எஞ்சின் மூச்சிழுக்கும்போது, கொழும்பில் இழுப்பதிலும் ஆறிலொரு பங்கு அளவு குறைந்த காற்றே அதற்குக் கிடைக்கிறது. காற்றுக் குறைந்தால் எரியும் பெற்றோலுங் குறையும், இழுவையுங் குறையும். சாரதி உணரும் தளர்ச்சி மெய்யானதே. ஆனால் அதே காரணத்தால் உருளையுள் அமுக்கமும் குறைகிறது; கலவை முந்தி வெடிக்கும் அபாயமும் குறைகிறது. அதாவது, டேர்போ பூட்டாத சாதாரண எஞ்சினுக்கு மலையிலே தேவைப்படும் ஒக்டேன், சமவெளியில் தேவைப்படுவதிலும் தாழ்ந்தது. ஐக்கிய அமெரிக்காவின் உயர்ந்த மலை மாநிலங்களில், பிற மாநிலங்களின் சாதாப் பெற்றோலிலும் எண் குறைந்த பெற்றோல் விற்கப்பட்டு வருவது இக்காரணம் பற்றியே. அங்கு அந்த எண்ணைக் கணிக்கும் முறை வேறாகையால் இங்குள்ள 92, 95 என்பவற்றோடு அதை நேரே ஒப்பிடலாகாது.

ஊவாவின் கார்க்காரர், மலைக்காற்றிடம் இழந்ததைப் பெற்றோலிடம் தேடியிருக்கிறார். காற்று மெலிந்ததால் வண்டி தளர்ந்தது. தளர்ச்சிக்கு எண்ணெயைக் குறைகூறி, எண் உயர்ந்த எண்ணெயை வாங்கினார். மலையோ அவருக்கு எண் குறைந்த எண்ணெயே போதுமெனச் சலுகை வழங்கிக்கொண்டிருந்தது! அச்சலுகையின் பெறுமதி அவ்வாண்டில் லீற்றருக்கு 80 ரூபா வரை சென்றது.

இதற்கு விலக்குகள் உண்டு. அவற்றை மறைத்தால் இக்கூற்று அரைகுறையாகும். டேர்போ எஞ்சின் மெலிந்த காற்றைத் தானே அமுக்கி உட்செலுத்துவதால் மலையின் சலுகை அதற்குப் பெரிதும் கிடைப்பதில்லை. ஐரோப்பியக் கார்கள் பலவற்றுக்கு ஆக்கியோர் விதித்த தரமே 95. இவற்றை வைத்திருப்போர் 92 அன்றி வேறு கிடையாத நாளில் முழுத் தாங்கியையும் அதனால் நிரப்பாது, கையில் எஞ்சிய 95உடன் கலந்து ஓட்டினர். சரிபாதி கலந்தால் ஏறத்தாழ 93.5 ஆகும். தட்டலை உணரும் கருவி பூட்டிய எஞ்சின் தீப்பொறியைச் சற்றுப் பிற்படுத்தித் தன்னைக் காத்துக்கொள்ளும். இழுவையும் சிக்கனமும் சிறிது குறையும். ஏற்றத்தில் உயர்ந்த கியரில் திணறவிடாது, காலத்தோடு இரண்டாம் கியருக்கு இறக்கிக்கொள்வது எந்தக் காருக்கும் நல்லது. டீசல் வண்டிகளின் கதை வேறு. ஓட்டோ டீசலுக்கும் சுப்பர் டீசலுக்கும் இடையிலுள்ள பெரு வேற்றுமை கந்தகத்தின் அளவு. ஒக்டேன் கணக்கு அங்கே செல்லாது.

மொரிஸ் மைனர் போன்ற பழங்கார்கள் இன்னமும் இப்பகுதியில் உயிரோடிருக்கின்றன. அவற்றுட் சில தாழ் அமுக்க எஞ்சின் உடையவை. 92 அவற்றுக்குத் தாராளம். அவற்றின் கவலை ஈயம் பற்றியது. 2002இல் இலங்கை ஈயங் கலந்த பெற்றோலைக் கைவிட்டபோது, ஈயத்தின் பூச்சை நம்பியிருந்த பழைய வால்வு இருக்கைகள் தேயத் தொடங்கின. எண்ணைக் கூட்டி அதனைத் தீர்க்க இயலாது. ஆயினும் இக்கார்களிடம் ஒரு வித்தை உண்டு. மலையிலேயே ஓடும் காருக்கு டிஸ்ரிபியூட்டரைச் சிறிது திருப்பித் தீப்பொறியை முற்படுத்தி வைத்தால் இழந்த இழுவையில் ஒரு பங்கு மீளும். ஆனால் அக்கார் பெரகலைச் சந்தியிலிருந்து கொஸ்லாந்தை வழியே வெல்லவாயவுக்கு இறங்குமாயின், ஆயிரம் மீற்றர் சடுதியிற் கழிந்து, காற்று அடர்ந்து, வெயிலும் சேர, மலையிற் கேட்காத தட்டல் ஓசை கேட்கத் தொடங்கும். அனுபவமுள்ள சாரதிகள் அடிவாரத்தில் நிறுத்தி, டிஸ்ரிபியூட்டரைப் பழைய நிலைக்குத் திருப்பிக்கொண்டு பயணத்தைத் தொடர்வர்.

பஞ்ச காலத்தில் மெய்யாக அஞ்சியிருக்க வேண்டியது 92ஐயன்று, கலப்படத்தையே. 470 ரூபாவுக்குப் பெற்றோல் விற்ற நாளில் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபா. ஐந்து மடங்கிற்கு மேற்பட்ட இந்த வேற்றுமை, போத்தலிலும் கலனிலும் மறைவாக விற்போரின் கையை எங்கே இட்டுச் செல்லும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகத் தாழ்ந்தது. சிறிது கலந்தாலும் 95 எனச் சொல்லி விற்றது 92க்கும் கீழே போய்விடும். முற்றும் ஆவியாகாது எஞ்சின் எண்ணெயிலும் கலந்து அதனை நீர்க்கச் செய்யும். வெள்ளைத் தாளில் ஒரு துளி விட்டுப் பார்த்தால், தூய பெற்றோல் கறையின்றி உலர்ந்துவிடும். மண்ணெண்ணெய் சேர்ந்தது எண்ணெய்த் தடத்தை விட்டுச் செல்லும். ஆஸ்பத்திரிக்கு விரையும் நள்ளிரவில் தாளைத் தேடும் பொறுமை எவருக்கும் இராது.

அக்கலப்படத்தின் இலாபம் 2022 ஓகஸ்டில் வெகுவாகச் சுருங்கியது. அம்மாதம் 21ஆந் திகதி நள்ளிரவு முதல் மண்ணெண்ணெயின் விலை 340 ரூபாவாயிற்று. கார்களின் எஞ்சின்கள் அதனாற் பயன்பெற்றிருக்கலாம். லயங்களிலோ, மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் தடைப்பட்ட நாட்களில் எரிந்த குப்பி விளக்குகளும் மண்ணெண்ணெய் அடுப்புகளும் அந்த 340 ரூபாவை எதிர்கொண்டன. மலைச்சரிவில் விறகு பொறுக்கச் செல்வோர் தொகை மீண்டும் பெருகியது.