திருட்டுப் பிரதிக்கு ஒரு நன்றி

ஒரு வீட்டின் கூடத்தில் சிலர் பேசிக்கொண்டிருப்பதையே ஏறக்குறைய முழுப்படமாகக் கொண்டு, சுமார் 2 லட்சம் டாலர் செலவில் அமெரிக்காவில் உருவான ‘தி மேன் ஃப்ரம் எர்த்’ (2007) என்னும் அறிவியல் புனைவுப் படம், டிவிடி வெளிவருமுன்பே டோரன்ட் வழியாக, அதாவது கோப்பைப் பெறுவோரே அதன் துண்டுகளைப் பிறருக்கும் அனுப்பும் பகிர்வு முறையில், பரவியபோது, தயாரிப்பாளர் எரிக் வில்கின்சன் சீறாமல், விளம்பரத்துக்குப் பணமில்லாத படத்தை ரசிகர்களிடம் சேர்த்தமைக்காக நன்றி தெரிவித்தார். புகழ் கூடியது, ஆனால் திருட்டுப் பிரதியைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை தயாரிப்பாளரின் வங்கிக்கணக்கில் தானாக ஏறிவிடுவதில்லை. 2018இல் இரண்டாம் பாகத்தைப் படக்குழுவினரே ‘பைரேட் பே’ என்னும் டோரன்ட் தளத்தில் ஏற்றி, பார்த்தவர்களிடம் நன்கொடை கேட்டனர். இதைத் தாராளம் என்று புகழ்வது மிகை. எப்படியும் களவுபோகவிருந்த பொருளுக்கு உரியவரே முந்திக்கொண்டு விலை கேட்ட தற்காப்பு என்பதே பொருந்தும்.