துளை விழும் கணம்

மார்த்தாண்டம் பக்கம் மாற்றலாகிப் போன வருஷம், வீட்டுக்காரர் ரப்பர் மரங்களுக்கடியில் தேனீப் பெட்டிகள் வைத்திருந்தார். ரப்பர்த் தேன் பூவில் ஊறுவதில்லை, தளிரின் இலைக்காம்பில் ஊறுவது என்பதை அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். பதிலுக்கு, தேனெடுக்கும்போது புகை காட்ட ஒரு ஸ்மோக்கர் செய்து தருவதாக ஒப்புக்கொண்டேன். என்னிடம் பழைய பெஞ்ச் ட்ரில் ஒன்று இருந்தது. பாங்க் விட்டு வந்தபின் ஒன்று கவிதைத் தொகுப்புகளைக் குடைவேன், அல்லது இரும்பை.

ஸ்மோக்கர் சாதாரண விஷயம். ஒரு டப்பா, அடியில் துளையிட்ட தட்டு, பக்கத்தில் துருத்தி. உள்ளே தேங்காய் நார் கனியும். தேனீக்கள் ஒன்றுக்கொன்று விடுக்கும் அபாய வாசனையைப் புகை மறைத்துவிடுகிறது. துத்தநாகம் பூசிய தகடு சூட்டுக்கு ஆகாது என்று 2 மி.மீ. கறுப்புத் தகடு வாங்கினேன். 6 மி.மீ. துளைகளுக்குப் பஞ்ச் அடித்துக் குறித்தேன். நிமிஷத்துக்கு 1,300 சுற்றுக்குக் கிட்ட வரும்படி பெல்ட்டை மாற்றினேன். எல்லாம் சரி. தகட்டைக் கிளாம்ப் போடாமல் கையால் பிடித்தேன்.

இரும்பு எதிர்க்கிறவரை ஆபத்தில்லை. பிட்டின் நுனி மறுபக்கம் எட்டும்போது எதிர்ப்பு சட்டென்று விட்டுப்போகிறது. கை மட்டும் பழைய பலத்திலேயே அழுத்துகிறது. பிட் தகட்டைக் கவ்விச் சுழற்றியது. இடது கட்டைவிரலடியில் நான்கு தையல். வீட்டுக்காரர் கட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இரும்பு தீந்து போச்சுண்ணு கைக்குத் தெரியாண்டாமா சாரே?"

அன்றிரவு, முந்தின வருஷம் ஒரு நண்பரின் முதல் தொகுப்புக்கு நான் எழுதிய மதிப்புரையை எடுத்துப் படித்தேன். அந்தக் கவிதைகள் பற்றிய என் அபிப்பிராயம் இன்றும் மாறவில்லை. ஆனால் சொல்ல வேண்டியது நான்காம் பக்கத்திலேயே முடிந்துவிட்டிருந்தது. அதற்குமேல் இரண்டு பக்கம் அதே பலத்தோடு அழுத்தியிருக்கிறேன். அவர் அதன்பின் எழுதவில்லை. கறாரான விமர்சனம் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டது அந்த இரண்டு பக்கங்களைத்தான்.

தையல் பிரித்தபின் தகட்டை மரப்பலகைமேல் வைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்கி மிச்சத் துளைகளைப் போட்டேன். ஒவ்வொன்றிலும் முடிகிற இடத்தில் கையைத் தளர்த்தினேன். ஸ்மோக்கர் நன்றாகவே புகைகிறது. நண்பருக்குக் கடிதம் எழுதினேன். பதில் இல்லை.