காளானும் சாக்கடல் சுருளும்

சிவந்த தலையில் வெண்புள்ளிகள் கொண்ட அமானிட்டா மஸ்காரியா என்னும் காளானைச் சிறுவர் கதைப்புத்தகப் படங்களில் கண்டிருப்போம். பிர்ச், பைன் மரங்களின் வேர்களோடு உறவுகொண்டு வடதிசைக் காடுகளில் முளைப்பது. மயக்கம் தரும் நஞ்சுடையது. சாக்கடலோரப் பாலைக்கும் அதற்கும் என்ன தொடர்பு? தொடர்பு உண்டு என்று ஒரு நூலே எழுதினார் ஜான் அலக்ரோ. 'புனிதக் காளானும் சிலுவையும்' என்னும் அந்நூல் 1970இல் வெளிவந்தது.

அவர் சாதாரண ஆள் அல்லர். கும்ரான் குகைகளில் 1947 முதல் கிடைத்த யூதச் சுருள்களைப் பதிப்பிக்க, தொமினிக்கன் சபைக் குருவான ரோலான் த வோ தலைமையில் அமைந்த குழுவில் 1953இல் சேர்ந்த ஆங்கிலேயர். விரிக்க இயலாதபடி இறுகிக் கிடந்த செப்புச் சுருளை மான்செஸ்டரில் 1955, 1956 ஆண்டுகளில் அறுத்துத் திறக்க வழிசெய்தவரும் அவரே. இத்தகையவர், இயேசு என ஒருவர் வாழவேயில்லை, அப்பெயர் காளானை உண்டு பரவசமுற்ற ஒரு வழிபாட்டுக் குழுவின் மறைசொல் என்றால், படிப்பவர் மனம் கலங்காதா? என் மனமும் சிறிது கலங்கியது. இறைநிந்தை என்று சினந்து நூலை மூடிவிடுவது எளிது. சான்று என்ன என்று கேட்பதே நேர்மை என எனக்குப் பட்டது.

சான்றோ சொற்கள் மட்டுமே. எபிரேய, கிரேக்கச் சொற்களைச் சுமேரிய வேர்களுக்கு இழுத்துச் செல்கிறார். ஆனால் சுமேரியம் எபிரேயத்தின் இனமொழி அன்று. அவர் காட்டும் வேர்களுள் பல எந்தக் களிமண் பலகையிலும் இல்லாதவை. அவரே உடுக்குறியிட்டு ஊகமாக அமைத்தவை. ஒலி ஒத்தால் பொருளும் ஒக்கும் என்னும் இக்கலையில் நம்மவர் சிலரும் வல்லவரே! கும்ரான் சுருள்களிலோ காளான் வழிபாடு பற்றி ஒரு வரியும் இல்லை. அவ்வாண்டு மே மாதம் 'தி டைம்ஸ்' நாளிதழில் அறிஞர் பலர் ஒப்பமிட்டு நூலை மறுத்தனர். அவருடைய ஆக்ஸ்ஃபோர்டு ஆசிரியர் காட்ஃபிரி டிரைவரும் அவர்களில் ஒருவர்.

எனக்கு வருத்தம் தருவது வேறு. இந்தப் பரபரப்பில், சுருள்கள் உண்மையில் தந்தது என்ன என்று கேட்பார் குறைந்துபோயினர். முதற்குகையில் கிடைத்த எசாயா சுருள் 7 மீட்டருக்கும் மேல் நீளமுடையது. 66 அதிகாரங்களும் ஏறக்குறைய முழுமையாக உள்ளன. அதுவரை நம் கையிலிருந்த முழு எபிரேயப் படிகளைவிட ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் மூத்தது. துன்புறும் ஊழியரைப் பற்றிய 53ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனத்தில், பிற்கால எபிரேயப் படிகளில் காணப்படாத ஒரு சொல் அங்கே இருக்கிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் அது உண்டு. அச்சொல் 'ஒளி'.