கம்பியே இல்லாதது எப்படி அறுந்து போகும்?

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

இரவில் மின்சாரம் நின்றால் நாம் என்ன செய்கிறோம்? வாசலுக்கு வந்து, தெருவில் எல்லார் வீட்டிலும் விளக்கு அணைந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். குழாயில் தண்ணீர் வராவிட்டால் மாடித் தொட்டியை எட்டிப் பார்க்கிறோம். ஆனால் வீட்டில் வைஃபை நின்றால் மட்டும் எவரும் எதையும் பார்ப்பதில்லை. “கம்பெனிக்காரன் சரியில்லை” என்று ஒரு சொல் சொல்லிவிட்டு ரூட்டரை அணைத்து அணைத்துப் போடுகிறோம். எங்கள் வீட்டிலும் ஏறக்குறைய இரண்டு மாதம் அப்படித்தான் நடந்தது.

எங்கள் வீடு திருச்செங்கோட்டிலிருந்து பள்ளிபாளையம் போகும் வழியில் ஒரு சிற்றூரில் இருக்கிறது. பின்புறம் அப்பாவின் விசைத்தறிக் கூடம். என் அக்கா பி.காம். முடித்து, பெங்களூரில் உள்ள ஒரு நிறுவனத்தின் கணக்குகளை வீட்டிலிருந்தே சரிபார்க்கும் வேலையில் இருக்கிறாள். பிற்பகல் 2 மணிக்கு மடிக்கணினியின் முன் உட்கார்ந்தால் இரவு 11 மணிக்குத்தான் எழுந்திருப்பாள். தொடர்பு அறுந்தால் அந்த நேரம் அவள் கணக்கில் ‘இல்லை’ என்று தானாகவே பதிவாகிவிடும். அவளுடைய மேலாளர் நல்லவர்தாம். இருந்தாலும், “இந்த மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் பெங்களூருக்கே வந்துவிடம்மா” என்று சொல்லிவிட்டார். போனால் சம்பளத்தில் பாதி விடுதிக்கே போய்விடும். அம்மாவுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை முடிந்து நான்கு மாதமே ஆகியிருந்தது. ஆகவே இது எங்களுக்கு விளையாட்டுக் காரியம் அன்று.

வீட்டில் ஆளுக்கொரு கருத்து. அப்பா தறி மோட்டார்களின் மேல் ஐயப்பட்டார். அம்மா மழையைச் சொன்னார். சித்தப்பா புது ரூட்டர் வாங்கச் சொன்னார். எங்கள் அப்பாரு மட்டும் கயிற்றுக் கட்டிலில் இருந்தபடியே, “கம்பியே இல்லாதது எப்படிக் கண்ணு அறுந்து போகும்?” என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். ஆனால் அவருக்கு விடை சொல்ல ஒருவராலும் முடியவில்லை.

மறுநாள் இயற்பியல் சிஸ்டரிடம் இதைச் சொன்னேன். சிஸ்டர் மருந்து எதுவும் சொல்லவில்லை. “எப்போது அறுகிறது, எவ்வளவு நேரம் அறுகிறது, அப்போது ரூட்டரில் எந்தெந்த விளக்கு எரிகிறது, இந்த மூன்றையும் எட்டு நாள் எழுதிக்கொண்டு வா” என்றார்கள். நான் பள்ளியிலிருந்து வரும்வரை அம்மாவும் அதன் பிறகு நானும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினோம்.

எட்டு நாளில் 31 தடவை அறுந்திருந்தது. நோட்டைப் புரட்டியதும் எங்களுக்கு வியப்பாக இருந்தது. எங்களுக்கு இருந்தது ஒரு நோய் அன்று, இரண்டு! 22 தடவை ரூட்டரின் விளக்குகள் எல்லாம் ஒழுங்காகவே எரிந்தன. அக்காவின் கணினி மட்டும் அரை நிமிடம் துண்டித்துக்கொண்டு, தானே திரும்பி வந்தது. அவை பெரும்பாலும் இரவு 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில். மற்ற 9 தடவை ரூட்டரின் விளக்குகள் அத்தனையும் ஒரு கணம் அணைந்து, பிறகு ஒவ்வொன்றாக எரிந்தன. வீட்டிலிருந்த கைப்பேசிகளுக்கும் தொடர்பு போய்விட்டது. திரும்பி வர மூன்று நிமிடம் ஆயிற்று. இரண்டு நோய் ஒரே உடம்பில் இருந்தால் ஒன்றுக்கு மருந்து கொடுத்தாலும் காய்ச்சல் நிற்பதில்லை. மருந்துதான் பலிக்கவில்லை என்று எண்ணிவிடுவோம். இரண்டு மாதமாக நாங்கள் சுற்றிச் சுற்றி வந்ததற்கு இதுவே காரணம்.

தறியின் மேல் இருந்த ஐயமும் இந்த நோட்டிலேயே தீர்ந்தது. இடையில் ஒரு நாள் நூல் வராமல் தறிகள் ஓடவே இல்லை. அன்றும் நான்கு தடவை அறுந்திருந்தது.

அடுத்தபடியாக, கடைத்தெருவில் இ-சேவை மையம் நடத்தும் அண்ணாவிடம் 15 மீட்டர் கேபிள் ஒன்றை இரவல் வாங்கி, ரூட்டரையும் மடிக்கணினியையும் நேராக இணைத்தோம். கூடத்தைக் கடந்து, சமையலறை வாசலில் தடுக்கி விழும்படியாக அது இரண்டு நாள் கிடந்தது. அந்த இரண்டு நாளும் அரை நிமிட அறுதல் ஒன்றுகூட இல்லை. அப்படியானால் தெருவிலிருந்து வரும் ஒளியிழையில் குற்றமில்லை. ரூட்டரிலிருந்து அக்காவின் அறைக்குச் செல்லும் காற்று வழியில்தான் குற்றம். ஆனால் மூன்று நிமிட அறுதல் மட்டும் கேபிள் இருந்தும் இரண்டு தடவை வந்தது. “பார்த்தாயா, கம்பெனிக்காரன்தான்!” என்றார் சித்தப்பா. விளக்குகள் எல்லாம் அணைந்ததை நோட்டில் காட்டிய பிறகே அவர் பேச்சை நிறுத்தினார்.

முதல் நோயைச் சொல்கிறேன். கம்பியில்லாத் தொடர்பு என்பது வானொலி அலையே. நம் வீட்டு ரூட்டர்கள் பெரும்பாலும் 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. ஒளியியல் பாடத்தில் நாம் படித்த வாய்பாட்டின்படி, ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர் வருகிறது. ஒரு சாணுக்கும் குறைவு! செங்கல் சுவரில் இவ்வலை ஓரளவு நுழைந்து செல்லும். கம்பி கட்டிய கான்கிரீட்டில் மிகவும் மெலியும். இரும்புத் தகட்டில் பட்டால், கண்ணாடியில் பட்ட ஒளியைப்போல் திரும்பிவிடும். சுவரைக் கடந்து செல்லும் அலையை நம் நாட்டிலேயே முதன்முதலில் செய்து காட்டியவர் ஜகதீஷ் சந்திர போஸ். 1895ஆம் ஆண்டு கல்கத்தாவில் பலர் பார்க்க, தொலைவில் இருந்த மணியை அலையாலேயே ஒலிக்கச் செய்தார். அவருக்குத் தூய சவேரியார் கல்லூரியில் இயற்பியலில் ஆர்வம் ஊட்டியவர் இயேசு சபைக் குருவான லாஃபோன் அடிகளார் என்று சிஸ்டர் பெருமையோடு சொன்னார்கள்.

எங்கள் ரூட்டர் எங்கே இருந்தது தெரியுமா? கூடத்தில், அம்மாவின் கல்யாணப் பீரோவுக்குப் பின்னால்! ஒயர் வெளியே தெரிந்தால் அழகாக இராது என்று, பொருத்த வந்தவர் அங்கே மாட்டிவிட்டுப் போயிருந்தார். ஆறடி உயர இரும்புப் பீரோ. கதவில் ஆளுயரக் கண்ணாடி வேறு. அதற்கு நேர் எதிர்ப்புறத்தில் அக்காவின் அறை. கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கி அலையின் வலிமையை அளந்தேன். ரூட்டரின் பக்கத்தில் −48, அக்காவின் மேசையில் −79 டெசிபெல் காட்டிற்று. கழித்தல் குறி இருப்பதால் 48 நல்லது, 79 மோசம். பீரோவை நகர்த்த அம்மா ஒப்பவில்லை. அதனால் நடைவழியின் பரண் ஓரத்தில் ஆணி அடித்து ரூட்டரையே உயரத்தில் மாட்டினோம். மேசையில் −61 ஆயிற்று. பத்து டெசிபெல் ஏறினால் வலிமை பத்து மடங்காகும் என்ற கணக்கின்படி, 18 டெசிபெல் என்றால் அறுபது மடங்குக்கும் மேல்! ஓர் ஆணிக்கு இவ்வளவு பலன்.

இருந்தும் இரவு நேரத்தில் ஓரிரு தடவை அறுந்தது. காரணம் அண்டை வீடுகள். 2.4 கிகா ஹெர்ட்ஸ் பகுதி எவரும் உரிமம் இன்றிப் பயன்படுத்தக்கூடிய பொதுவழி. இந்தியாவில் 2005ஆம் ஆண்டிலேயே இதற்கு உரிமம் வேண்டாம் என்று அரசு விலக்கு அளித்துவிட்டது. எங்கள் தெருவில் அலை எட்டும் தூரத்தில் ஒன்பது வைஃபைகள். அவற்றுள் எங்களுடையதையும் சேர்த்து ஆறு, 6ஆம் சேனலிலேயே கூடிக் கிடந்தன. இரவு ஏழு மணிக்கு மேல் எல்லார் வீட்டிலும் படம் பார்க்கத் தொடங்குகிறார்கள். ஒரே சேனலில் உள்ள கருவிகள், பிறர் பேசுகிறார்களா என்று கேட்டுவிட்டு, மௌனம் வந்த பிறகே பேச வேண்டும். இருவர் ஒரே நேரத்தில் பேசிவிட்டால் இருவர் செய்தியும் கெடும். ஆளுக்கொரு கால அளவு காத்திருந்து மறுபடி அனுப்ப வேண்டும். காத்திருந்து மறுபடி அனுப்பும் இந்த முறை 1971இல் ஹவாய்த் தீவுகளில் நார்மன் ஆபிரம்சன் என்பவரின் குழு அமைத்த ‘அலோஹா’ வலையமைப்பில் தோன்றியது. தீவுகளுக்கு இடையே கடல் இருந்ததால் அவர்களுக்கு வானொலி அலையே வசதியாயிற்று. வைஃபைக்கு முறையான விதிகள் வகுக்கப்பட்டது 1997இல்.

சேனல்கள் 13 இருந்தாலும் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 ஆகிய மூன்றே. ரூட்டரின் அடியில் ஒட்டியிருந்த கடவுச்சொல்லைக் கொண்டு அதன் அமைப்புப் பக்கத்துக்குப் போய், அக்கா அதை 11க்கு மாற்றினாள். 5 கிகா ஹெர்ட்ஸ் இன்னும் நெரிசல் குறைந்தது என்கிறார்கள். ஆனால் அது சுவரைக் கடக்கச் சோம்பல்படும். அக்காவின் பழைய கணினிக்கு அந்த மொழி தெரியவும் தெரியாது. கணினியில் மின்சிக்கனத்துக்காக வைஃபைப் பகுதியை அவ்வப்போது உறங்க வைக்கும் ஓர் அமைப்பும் இருந்தது. அதையும் நீக்கினாள். இவை மூன்றையும் ஒரே நாளில் செய்யாமல் இரண்டிரண்டு நாள் இடைவெளி விட்டுச் செய்தோம். எது பலித்தது என்று தெரிய வேண்டுமல்லவா? மாதக் கடைசி நெருங்க நெருங்க அக்காவுக்கு அந்தப் பொறுமை இல்லை என்பது வேறு விஷயம்!

அன்று மாலை அப்பாருவிடம் போய், “தறி ஓடும்போது நீங்க கூப்பிட்டா எனக்குக் கேக்கறதில்லீங்கல்ல அப்பாரு? அப்ப என்ன கயிறா அறுந்துச்சு? அதே மாதிரிதானுங்க இதுவும்” என்றேன். அவர் சற்று யோசித்தார். “அப்படின்னா கிட்ட வந்து பேசோணும். இல்லீன்னா தறி ஓடாத பக்கமாப் போய்ப் பேசோணும். இதுக்குப் போய் இத்தனை நாளா?” என்றார். நாங்கள் ஆறு நாளில் செய்தது முழுவதும் அவ்வளவுதான்.

இனி இரண்டாம் நோய். அந்த மூன்று நிமிட அறுதல்கள் நடந்த நேரங்களை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். பிற்பகல் 4.10, இரவு 8.50, மறுநாள் 4.25... அம்மா அப்படியே நின்றுவிட்டார். “அது நான் போர் மோட்டார் போடற நேரம் கண்ணு” என்றார்.

ஊருக்கெல்லாம் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் எங்கள் திருச்செங்கோட்டிலிருந்துதான் நாலா திசையும் போகின்றன. எங்கள் வீட்டுக் கிணற்றில் மட்டும் தண்ணீர் ஆண்டுக்காண்டு கீழே போகிறது. ஆகவே மோட்டாரும் பெரிதாகிக்கொண்டே வந்திருக்கிறது. மோட்டார் கிளம்பும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைப்போல் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். டியூப் லைட் ஒரு முறை கண் சிமிட்டுமே, அது இதனால்தான். எங்கள் வீடு டிரான்ஸ்பார்மரிலிருந்து கடைசி வீடு. மின்பணியாளர் அண்ணா மீட்டர் வைத்துப் பார்த்தபோது 210 வோல்ட் இருந்தது, மோட்டார் கிளம்பியதும் 150க்கு இறங்கி மேலே வந்தது. புதிய அடாப்டர் இந்தப் பள்ளத்தைத் தாண்டிவிடும். எங்கள் ரூட்டரின் அடாப்டர் ஐந்து ஆண்டுப் பழையது. உள்ளே இருந்த மின்தேக்கி உப்பிப் போயிருந்தது. ஒரு கணம் மின்சாரம் தளர்ந்ததும் ரூட்டர் மயங்கி விழுந்து, முதலிலிருந்து எழுந்திருக்கிறது.

இவ்வாறு மின்சாரத்தால் இடறியது எங்கள் வீட்டு வைஃபை மட்டும் அன்று. மதுரையில் 1976இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் தேனிக் கிளையிலிருந்து, சுற்றியுள்ள ஊர்களின் கண் பரிசோதனை மையங்களுக்கு, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் இருபது ஆண்டுகளுக்கு முன்பு இதே வைஃபையைக் கொண்டு பல கிலோமீட்டர் தூரத் தொடர்பு அமைத்துக் கொடுத்தார்கள். நோயாளி தம் ஊரிலிருந்தபடியே தேனி மருத்துவரைத் திரையில் பார்த்துப் பேசினார். அறைக்குள் பேசப் பிறந்த வைஃபை, கோபுரத்துக்குக் கோபுரம் பேசியது! அந்த வலையமைப்பைப் பழுதின்றி நடத்திய அனுபவத்தை அவர்கள் 2008இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள். அலை போகும் காற்றைவிட, கருவிக்கு வரும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கமே பெருந்தொல்லை கொடுத்தது என்பது அதில் ஒரு முக்கியமான செய்தி. சிஸ்டர் இதைச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. பல்கலைக்கழகத்தார் கண்டதை எங்கள் அம்மா மோட்டார் சுவிட்சின் பக்கத்தில் நின்றே கண்டுவிட்டார் அல்லவா!

12 வோல்ட் புதிய அடாப்டரும் ரூட்டருக்கென்றே விற்கும் சின்ன யு.பி.எஸ். ஒன்றும் வாங்கினோம். மின்சாரம் நின்றாலும் சில மணி நேரம் ரூட்டர் எரிகிறது. மாதக் கடைசிக்கு ஐந்து நாள் இருந்தது. அந்த ஐந்து நாளில் நோட்டில் எழுத வேண்டியிருந்தது ஒரே ஓர் அறுதல்தான். அது தெருவில் மரக்கிளை விழுந்து ஒளியிழை உண்மையாகவே அறுந்த அன்று. அன்றைக்கு ரூட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. அதைச் சொல்லியே புகார் கொடுத்ததால் வந்தவர் நேராகக் கம்பத்துக்குப் போனார். வீட்டுக்குள் வந்து எதையும் பிரிக்கவில்லை. அக்காவின் மேலாளர் பிறகு பெங்களூர்ப் பேச்சை எடுக்கவில்லை.

நோட்டை அடுத்த வீட்டு அத்தை தம் மகனுக்காக வாங்கிப் போயிருக்கிறார். அவர்கள் வீட்டு ரூட்டர் குளிர்சாதனப் பெட்டிக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவில் இருக்கிறது. இ-சேவை மைய அண்ணாவின் கேபிளும் இப்போது அங்கேதான் கிடக்கிறது. அவர் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார்.