டார்பீடோ சாலையில் சித்திரக் கூடம்

வாஷிங்டன் மாநகருக்குத் தெற்கே சில மைல் தூரத்தில், பொட்டோமாக் நதியின் மேற்குக் கரையில் அமைந்திருக்கும் அலெக்சாண்ட்ரியா, புகையிலை வியாபாரத்தை ஆதாரமாகக் கொண்டு 1749-இல் தோன்றிய துறைமுகப் பட்டணம். ஜார்ஜ் வாஷிங்டன் நடமாடிய வீதிகளையும் செங்கல் வீடுகளையும் அவ்வூரார் இன்றளவும் பக்தியோடு பேணி வருகின்றனர். ஆயினும், கிங் வீதி நதியைத் தொடும் இடத்தில் நிற்கும் ஒரு பழைய ஆயுதத் தொழிற்சாலையே அவ்வூரின் பிரதான விசேஷம் என்பது என் அபிப்பிராயம்.

முதல் உலக யுத்தம் ஓய்ந்த மறுநாள், 1918 நவம்பர் 12-ஆம் தேதி, கடற்படைக்கு டார்பீடோக்கள் செய்யும் பொருட்டு அதன் நிர்மாணம் தொடங்கியது. சில ஆண்டு உற்பத்திக்குப் பின் வெடிமருந்துக் கிடங்காகி, இரண்டாம் யுத்தத்தில் மீண்டும் டார்பீடோ செய்து, பிறகு சர்க்கார் தஸ்தாவேஜுகளுக்கும் ஸ்மித்ஸோனியன் நிறுவனத்தின் பொருள்களுக்கும் இருப்பிடமாக இருந்த அக்கட்டடத்தை, நகர சபை 1969-இல் விலைக்கு வாங்கியது. அதைக் கலைஞர்களிடம் ஒப்படைக்கலாம் என்ற யோசனையை முன்வைத்தவர், உள்ளூர்க் கலைச் சங்கத்தின் தலைவியாயிருந்த மேரியன் வான் லேண்டிங்ஹாம் அம்மையார். 1974 மே மாதத்தில் ஓவியர்களும் சிற்பிகளும் நகர சபை ஊழியர்களோடு சேர்ந்து, நாற்பது லாரிக் குப்பையை வெளியேற்றி, சுவர்களுக்கு வர்ணம் பூசி, தங்கள் அறைகளைத் தாங்களே தடுத்து அமைத்துக்கொண்டு, செப்டம்பர் 15-ஆம் தேதி பொதுமக்களுக்குக் கதவைத் திறந்துவிட்டனர். 1980-களின் தொடக்கத்தில் பெருஞ்செலவில் புனருத்தாரணம் நடந்தது உண்மையே. எனினும், அக்கட்டடத்துக்கு உயிர் வந்தது அந்த முதற் கோடையில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அங்கே கலைஞர்கள் வேலை செய்வது ஜனங்களின் கண்ணெதிரே என்பதுதான் எல்லாவற்றிலும் மேலானது. சக்கரத்தில் சுழலும் களிமண் விரல் பட்டு எழும்புவதையும், அச்சுப் படம் தகட்டிலிருந்து ஈரத்தோடு உரிந்து வருவதையும், கட்டணம் ஏதுமின்றி நின்று பார்த்து, ஐயம் எழுந்தால் அக்கணமே கலைஞரிடமே கேட்டுத் தெளியலாம். முடிந்த சித்திரத்தை மட்டும் சட்டமிட்டுக் காட்டும் கண்காட்சி சாலைகள் இந்தப் பாக்கியத்தை ரசிகனுக்கு அளிப்பதில்லை. கட்டடத்தின் பூர்வ சரித்திரத்தையும் அவர்கள் மறைக்கவில்லை: பச்சை வர்ணம் பூசிய டார்பீடோ ஒன்று பிரதான கூடத்திலேயே கிடத்தப்பட்டிருக்கிறது. மூன்றாம் மாடியில் புதைபொருள் ஆராய்ச்சிக் கூடம் ஒன்றும் இடம்பெற்றது. அலெக்சாண்ட்ரியாவின் மண்ணிலிருந்து தோண்டியெடுத்த ஓட்டுச் சில்லுகளைத் தொண்டர்கள் அங்கே கழுவி வகைப்படுத்துவதையும், கீழ்த்தளத்துக் குயவரின் தொழிலைப் போலவே, வருவோர் எல்லோரும் பார்க்க இயன்றது.