கல்யாணத்துக்குக் கப்பல், சாவுக்கு பிளேன்

அபர்டீன் பஜார் மணிக்கூண்டுக்கு எதிரே நின்று கொண்டு ஆட்டோக்காரரிடம் கேட்டால் சரியாகச் சொல்வார்: ஹேடோ துறைமுகம் கொஞ்ச தூரம்தான், விமான நிலையமும் அப்படியே. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக அரை மணி நேரம் கூட ஆகாது. இந்த அரை மணி நேரத்தை நம்பி ஏமாந்தவர்களின் கதைகள் பஜாரின் டீக்கடைகளில் ஏராளம்.

சென்னையிலிருந்து போர்ட் பிளேர் கடல் வழியே சுமார் 1,190 கிலோமீட்டர். விமானத்தில் இரண்டு மணி நேரம் சொச்சம். கப்பலில் ஏறத்தாழ 60 மணி நேரம். 2024 செப்டம்பரில் ஊரின் பெயர் ஸ்ரீ விஜய புரம் என்று மாற்றப்பட்டது. தூரம் மாறவில்லை. கப்பலில் ஒரு வழி, விமானத்தில் மறு வழி என்று திட்டமிடுவது தமிழ்நாட்டுப் பயணிகளுக்குப் பிடித்தமான யோசனை. மூன்று நாள் கடல் அனுபவமும் கிடைக்கும், லீவும் மிச்சமாகும். யோசனையில் தவறில்லை. இரண்டையும் எங்கே ஒட்டுவது என்பதில்தான் சிக்கல்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு நவம்பர் மாதம் நானும் அப்படித்தான் கிளம்பினேன். செவ்வாய் மாலை சென்னையில் கப்பல். வெள்ளி காலை போர்ட் பிளேர். திங்கள் காலை விமானத்தில் ஊர் திரும்பல். இடையில் ஹேவ்லாக்கில் இரண்டு நாள். காகிதத்தில் எல்லாம் அழகாக இருந்தது. வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என் காகிதத்தைப் பார்க்கவில்லை. கப்பல் வியாழன் மாலைதான் புறப்பட்டது.

பங்க் வகுப்பில் எனக்குக் கீழ்ப் படுக்கையில் ஒரு கொத்தனார். பரமக்குடிப் பக்கம். பதினைந்து வருடமாக அந்தமானில் வேலை. நான் புலம்பியதைக் கேட்டு அவர் சிரித்தார். “கப்பலுக்குத் தேதி கேக்கலாம் சார், மணி கேக்கக் கூடாது. உங்களுக்குத் தேதியும் போச்சு, அவ்வளவுதான்.”

அவருடைய பயணம் வேறு விதம். ஒரு வாரத்துக்கு முன் ஊரில் அம்மா இறந்துவிட்டார். இரவு பத்து மணிக்குத் தகவல். போர்ட் பிளேரில் நெடுங்காலம் பகல் விமானங்கள் மட்டும்தான். கடற்படையோடு பகிர்ந்துகொள்ளும் ஒற்றை ஓடுபாதை. விடியும்வரை விமான நிலைய வாசலில் உட்கார்ந்திருந்து, அன்றைய விலைக்கு டிக்கெட் வாங்கியிருக்கிறார். இரண்டு மாதச் சம்பளம். மாலைக்குள் ஊர் போய்ச் சேர்ந்து கொள்ளி வைத்தார். காரியம் முடிந்து, தீவுவாசிகளுக்கான சலுகைக் கட்டணத்தில் கப்பலில் திரும்பிக் கொண்டிருந்தார். “எங்க ஆளுங்க சொல்றது இதுதான் சார். கல்யாணத்துக்குக் கப்பல், சாவுக்கு பிளேன்.”

அந்த மூன்று நாளில் பறக்கும் மீன்களைப் பார்த்தேன். கேன்டீன் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றேன். செல்போன்கள் செத்துக் கிடந்தன. ஞாயிறு காலை கரை நெருங்கியதும் மேல்தளத்தில் எல்லா போன்களும் ஒரே நேரத்தில் உயிர் பெற்று அலறின. ஒரு இளம் தம்பதியின் முகம் மட்டும் வெளிறிப் போயிருந்தது. அவர்களுடைய திரும்பும் விமானம் சனிக்கிழமையே போய்விட்டது. வெள்ளி காலை இறங்கி, ஒரு நாள் சுற்றிவிட்டு, சனி மதியம் பறப்பதாகத் திட்டம். டிக்கெட் பணம் திரும்பாது. புதிய டிக்கெட் வாங்கக் கையில் பணமில்லாமல் ஊருக்கு போன் போட்டுக் கொண்டிருந்தார்கள். எனக்கு ஹேவ்லாக் மட்டும்தான் நஷ்டம்.

கையில் மிஞ்சிய ஒரே நாளை பஜாரில் கழித்தேன். சங்கு, சிப்பிப் பொருள் கடைகள், துணிக்கடைகள், இட்லி சாம்பார் மணக்கும் ஓட்டல்கள். இந்தியில் பேரம் தொடங்கி, முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறும் கடைக்காரர்கள். மாலை ஐந்து மணிக்கெல்லாம் விளக்குப் போட்டுவிட்டார்கள். கடிகாரம் இந்திய நேரம் காட்டினாலும் சூரியன் இங்கே சென்னையைவிட முக்கால் மணி நேரத்துக்கு மேல் முந்திக் கொள்கிறது. பகலை நம்பித் திட்டம் போடுபவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பஜாரிலிருந்து நடந்து போகும் தூரத்தில் 1906ல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறை. ஒரு காலத்தில் சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் ‘மகாராஜா’ என்ற கப்பல் கைதிகளை ஏற்றி வந்தது. 1911ல் சாவர்க்கர் சென்னையிலிருந்து வந்ததும் அதில்தான். அந்தப் பயணிகள் பலருக்குத் திரும்பும் தேதி என்று ஒன்று இருக்கவில்லை. இரண்டு நாள் தாமதத்துக்குப் புலம்பிய எனக்குச் சிறை வாசலில் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

தாமதத்துக்குக் காரணங்கள் எப்போதும் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் காலம். மே மாதத்திலிருந்து தென்மேற்குப் பருவக் காற்று. கொல்கத்தா கப்பல் என்றால் ஹூக்ளி ஆற்றின் ஏற்ற வற்றத்துக்கும் காத்திருக்க வேண்டும். 2016 டிசம்பரில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக் கொண்டார்கள். (2018ல் இவை ஸ்வராஜ் த்வீப், ஷாஹீத் த்வீப் ஆயின.) படகுகள் ஓடவில்லை. கடற்படைக் கப்பல்கள் போய் மீட்டு வந்தன. அந்தமானை அடித்த அதே மண்டலம்தான் வர்தா புயலாக வளர்ந்து டிசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கி, அங்கே விமான நிலையத்தையும் மூட வைத்தது. ஒரே புயல், இரண்டு முனையிலும் பூட்டு.

அப்படியானால் எப்படித்தான் திட்டமிடுவது? கொத்தனாரின் பழமொழியிலேயே விடை இருக்கிறது. எந்த முனையில் தேதி தவறக் கூடாதோ, அந்த முனைக்கு விமானம். அவருக்கு அது அம்மாவின் சிதை. மேல் சிகிச்சைக்குச் சென்னை வரும் தீவு நோயாளிக்கு மருத்துவமனை. நம்மைப் போன்றவர்களுக்கு ஆபீஸ். எனவே போகும்போது கப்பல், திரும்பும்போது விமானம். புறப்பாடு தள்ளிப் போனால் சொந்த வீட்டிலோ சொந்தக்காரர் வீட்டிலோ காத்திருக்கலாம். தலைகீழாகச் செய்தால் போர்ட் பிளேர் லாட்ஜில் வாடகை கொடுத்துக் காத்திருக்க வேண்டும்.

முதலில் கப்பல் தேதி உறுதியாகட்டும், விமான டிக்கெட் அதன் பிறகு. மாதத்தில் ஒரு சில கப்பல்கள்தான். விமானம் தினமும் உண்டு. கப்பல் இறங்கும் நாளுக்கும் விமானம் ஏறும் நாளுக்கும் இடையே நான்கு நாளாவது விடுங்கள். தாமதமில்லையென்றால் அந்த நான்கு நாளும் தீவுகளைப் பார்க்கத்தான் போகிறது. கடைசி இரவு கண்டிப்பாக போர்ட் பிளேரிலேயே தங்குங்கள். காலையில் ஹேவ்லாக்கில் படகேறி மதியம் விமானம் பிடிக்கிற சாமர்த்தியம் பத்தில் ஒன்பது முறை பலிக்கலாம். பத்தாவது முறை நாம் இருக்கக் கூடாது.

திங்கள் காலை ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது கொத்தனாரை மணிக்கூண்டு அருகே பார்த்தேன். மொட்டைத் தலையில் துண்டு, கையில் கரணை. வேலைக்குக் கிளம்பிவிட்டார். “அடுத்த தடவை ஒரு வாரம் சேத்து வாங்க சார்” என்றார். அவர் எப்போது ஊருக்குப் போவார் என்று கேட்டேன். தங்கை கல்யாணம் தை மாதம். டிக்கெட் எடுத்தாயிற்றாம்.

கப்பலில்தான்.